பாட்டி சம்மதித்தால்தான் கல்யாணம்! - தாய்லாந்தைத் திரும்பிப் பார்க்க வைத்த இரு பெண்களின் காதல்

கதை என்னவோ நமக்குப் பழகியதுதான். பெரிய இடத்துப் பிள்ளை, சாதாரணக் குடும்பத்துப் பெண். இருவருக்கும் காதல். வீட்டில் ஒரு பாட்டி. அவர் வைத்ததுதான் சட்டம். வேறு இடத்தில் மாப்பிள்ளையும் பார்த்து முடித்தாகிவிட்டது. அப்புறம் என்ன? கண்ணீர், பிடிவாதம், கடைசியில் கல்யாணம்.

ஒரே ஒரு வித்தியாசம். அந்தப் பெரிய இடத்துப் பிள்ளையும் ஒரு பெண்!

தாய்லாந்து எழுத்தாளர் சாவ் பிளானாயின் நாவல்தான் 'கேப்' என்ற பெயரில் 12 எபிசோடு தொடராக வந்தது. 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரியில் முடிந்தது. அங்கே இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் தொடர்கள் ஏற்கெனவே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. பெண் ஜோடி என்றால் கதையின் ஓரத்தில் நாலு காட்சி, அவ்வளவுதான். அவர்களையே நாயகிகளாக்கி முழுத் தொடரையும் நகர்த்திய முன்னோடி என்று 'கேப்' கொண்டாடப்படுகிறது. யூடியூபில் கோடிக்கணக்கான பார்வைகள். சாமாக நடித்த ஃப்ரீன் சரோச்சாவும், மோனாக நடித்த பெக்கி ஆம்ஸ்ட்ராங்கும் உலகப் பிரபலங்கள் ஆனார்கள்.

'குன் சாம்' என்றால்...

சிறு வயதில் ஒருமுறை பார்த்த சாமை மோன் மறக்கவே இல்லை. படிப்பு முடிந்ததும் அவருடைய அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்கிறாள். ஆனால், அவள் மனதில் இருந்த சிரித்த முகம் அங்கே இல்லை. ஊழியர்கள் நடுங்கும் கறார் முதலாளிதான் இருக்கிறார்.

நாவலில் மோன் மனதில் ஓடுவதை அப்படியே எழுதிவிடலாம். டிவியில் அது நடக்காது. ஒரு பார்வை, ஒரு தயக்கம், கூப்பிடும் விதம் - இதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 'குன்' என்பது தாய் மொழியில் மரியாதைச் சொல். மோன் எப்போதும் 'குன் சாம்' என்றுதான் அழைக்கிறாள். சாம் வயதில் பெரியவர், பதவியில் பெரியவர், போதாததற்கு அரச வம்சத்தின் கிளைவழி வந்தவர்களுக்கு உரிய 'மோம் லுவாங்' பட்டமும் உண்டு. இத்தனை இடைவெளியையும் அந்த ஒரு அழைப்பே காட்டிவிடுகிறது. தலைப்பும் அந்த இடைவெளியைத்தானே சொல்கிறது!

தாய்லாந்தில் அன்பைக் காட்ட கன்னத்தை முகர்வார்கள். நம் ஊரில் குழந்தையை உச்சி முகர்வதுபோல. நெருக்கத்தைச் சொல்ல இந்தத் தொடருக்குப் பல இடங்களில் அதுவே போதுமாக இருக்கிறது.

பாட்டியை என்ன செய்வது?

படிக்கிறவர் தனியாகப் படிக்கிறார். டிவி ஹாலில் இருக்கிறது. பாட்டியும் சேர்ந்து பார்ப்பார். அதனால் கதைக்குள் இருக்கும் பாட்டியை வெறும் வில்லியாக்கிவிட்டுப் போக முடியாது. பேத்திகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவருடைய கெடுபிடி தாங்காமல் மூத்த பேத்தி வீட்டை விட்டே போய்விட்டாள். (அவளுடைய கதை பின்னர் 'பிளாங்க்' என்று தனித் தொடராக வந்தது.) இன்னொரு பேத்தியையும் இழக்கப்போகிறோமா என்பதுதான் பாட்டியின் முன்னால் நிற்கும் கேள்வி. அவர் இறங்கி வருகிறார். வெள்ளை கவுனில் சாமும் மோனும் கைகோத்து நிற்கிறார்கள். சுபம்.

திரையில் கல்யாணம், சட்டத்தில் இல்லை

ஆனால், அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது நிஜ சாமும் மோனும் தாய்லாந்தின் எந்த அலுவலகத்திலும் திருமணத்தைப் பதிவு செய்திருக்க முடியாது. ஒருவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தால், துணை என்ற உரிமையோடு மற்றவர் கையெழுத்துப் போட முடியாது. ஒருவர் இறந்துபோனால், சொத்தில் மற்றவருக்கு வாழ்க்கைத் துணையின் வாரிசு உரிமை கிடையாது.

2024 ஜூனில் தாய்லாந்து செனட், திருமணச் சமத்துவ மசோதாவை 130 ஓட்டுகளுடன் நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் நான்கே பேர். 'கணவன் - மனைவி' என்று இருந்த இடத்தில் 'வாழ்க்கைத் துணை' என்ற சொல் வந்தது. 2025 ஜனவரி 23-ல் சட்டம் நடைமுறைக்கு வர, முதல் நாளே நூற்றுக்கணக்கான ஜோடிகள் பதிவு செய்துகொண்டார்கள். தென்கிழக்கு ஆசியாவில் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் நாடு தாய்லாந்துதான்.

சீரியல் பார்த்துவிட்டு செனட்டர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. இந்தச் சட்டத்துக்காகப் பல வருடங்கள் அலைந்து போராடியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெருமை அவர்களுக்குத்தான். ஆனால், சட்டம் பதிவு அலுவலகக் கதவை மட்டும்தான் திறக்கும். வீட்டுக் கதவைத் திறப்பது பாட்டிதான். அவர் மனம் மாறுவதைக் கோடிக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்களே, அது சீரியல் செய்த வேலை!