சேகண்டி ஒலித்த ஹாஸ்ய மேடை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மாத்யூ வீதியில், 1957-ஆம் ஆண்டு ஒரு நிலவறையில் திறக்கப்பட்ட ‘கேவர்ன்’ என்னும் சங்கீத விடுதியில், உள்ளூர் வாலிபர்களின் கோஷ்டியாகிய ‘பீட்டில்ஸ்’ 270 தடவைக்கு மேல் வாசித்தது என்பது பலரும் அறிந்த செய்தி.

இப்படிக் கோஷ்டியாக வாத்தியங்களோடு மேடையேறுகிறவர்களுக்குள்ள சோதனையைவிட, தனியே ஹாஸ்யம் பேச வந்தவர்களுக்கு நேர்ந்த சோதனை கடுமையானது. 1979-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் சோஹோ பகுதியில் ஆரம்பமான ‘காமெடி ஸ்டோர்’ அரங்கில், முன் அநுபவம் சிறிதும் இல்லாதவரும் ஒலிவாங்கியின் முன் நின்று சபையைச் சிரிக்க வைக்க முயல அந்நாளில் இடமிருந்தது. ஆயினும், பேச்சு ருசிக்காத ரசிகர்கள் கூச்சலிட்டு ஆர்ப்பரித்த மாத்திரத்தில், நிகழ்ச்சியை நடத்துபவர் அங்கிருந்த பெரிய சேகண்டியை ஓங்கி அடித்துவிடுவார். பேசியவர், சொல்ல வந்த வாக்கியம் பாதியில் நிற்க, மேடையை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான். அந்த மேடையை முதன்முதலில் நடத்தியவர் அலெக்ஸி சேல். பிற்காலத்தில் அவரே பிரசித்தி பெற்ற ஹாஸ்ய நடிகரானார்.

இத்தனை அவமானத்துக்கும் துணிந்து, கையில் வாத்தியமோ துணைக்கு ஒருவரோ இன்றித் தனியே மேடையேறுகிறவரின் தைரியம் மெய்யாகவே மரியாதைக்குரியது. உங்கள் ஊரில் புதியவர் ஒருவர் மேடையேறும் இரவில், தயவுசெய்து முன் வரிசையில் போய் அமருங்கள்.