அவள் கண் திறக்கும் வரை

வீட்டில் கிடக்கும் பழைய புகைப்படங்களைக் கோத்துச் சின்னதாக ஒரு படம் பண்ண வேண்டும் என்கிறீர்கள். பண்ணலாம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

முதலில் ‘லா ஜெத்தே’யைப் பார்த்துவிடுங்கள். பிரான்ஸில் கிறிஸ் மார்க்கர் எடுத்து 1962-இல் வந்த படம், 28 நிமிடம்தான். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்து, மிஞ்சியவர்கள் பூமிக்கடியில் வாழ்கிறார்கள். அங்கிருந்து ஒருவனைக் கடந்த காலத்துக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவு பெரிய கதையும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாலேயே நகர்கிறது. ஹாலிவுட்டில் டெர்ரி கில்லியமின் ‘12 மங்கீஸ்’ (1995) பிறந்தது இதிலிருந்துதான்.

அதில் ஓர் இடம். அவன் நேசிக்கும் பெண் தூங்குகிறாள். ஒரு படம் மெல்லக் கரைந்து அடுத்தது வருகிறது. தலை சற்றே திரும்பியிருக்கிறது. பறவைச் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. சட்டென்று அவள் கண் திறந்து, நம்மைப் பார்த்து இமைக்கிறாள். நிஜமாகவே இமைக்கிறாள்! படம் முழுவதிலும் சினிமா கேமராவில் எடுத்த ஒரே ஷாட் அது. சில நொடிகளில் முடிந்துவிடும். அதுவரை எதுவுமே அசையாததால்தான் அந்த இமைப்பு நம்மை உலுக்குகிறது.

அதனால், அசைவைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் செயலிகள் கேட்காமலே ஒவ்வொரு படத்தையும் ஜூம் செய்துவிடும்; அதை முதலில் அணைத்துவிடுங்கள். ஆப்பிளின் ஐமூவியில் இதற்கு ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘தி சிவில் வார்’ (1990) தொடரில் அவர் இதை ஏராளமாகக் கையாண்டார். அவருக்கு முன்பே 1957-இல் கனடாவில் ‘சிட்டி ஆஃப் கோல்டு’ வந்துவிட்டது: தங்க வேட்டைக் காலத்து டாசன் நகரப் புகைப்படங்களுக்குள் கேமரா நிதானமாக நடந்து போகும். எதையாவது காட்டவேண்டி நகர்ந்தால்தான் அந்த நகர்வுக்கு அர்த்தம். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் அத்தையைக் காட்டவேண்டுமா, அவரை நோக்கிப் போங்கள். இல்லையென்றால் படத்தை அப்படியே விடுங்கள்.

நெருங்கிப் போவதற்குப் படத்தில் இடமும் வேண்டும். ஆறு அங்குல அகலப் பிரிண்டை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 3600 பிக்சல் கிடைக்கும். எச்டி திரையின் அகலம் 1920. ஏறக்குறைய பாதிப் படம் வரை நெருங்கலாம். அதைத் தாண்டினால் முகம் மங்கிவிடும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நான்கு நொடி கொடுக்காதீர்கள். தனி முகத்துக்கு மூன்று நொடி போதும். இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு ஏழெட்டு நொடியாவது வேண்டும், கண் ஒவ்வொருவரையாகத் தேடிப் போகுமல்லவா. படத்தில் இருப்பதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்ததும் வெட்டுங்கள்.

ஒலியைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. நான் அதை முதலில் வைப்பேன். மார்க்கரின் படத்தில் விமான நிலைய இரைச்சல், கிசுகிசுப்பு, இதயத் துடிப்பு எல்லாம் கேட்கும். படங்களுக்கு உயிர் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சினிமாப் பாட்டை மேலே போர்த்திவிட்டால் அந்த உயிர் வராது. பாட்டியிடம் ஆல்பத்தைக் கொடுத்துப் பேசச் சொல்லி, செல்போனிலேயே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பிறகு அந்தப் பேச்சின் மேல் படங்களை அடுக்குங்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்துகிற இடத்தில் படத்தை மாற்றாமல், அடுத்த வார்த்தை வரும்வரை அந்த முகத்திலேயே நில்லுங்கள்.