வீட்டுக்குள் ஓர் ஆவணப் பெட்டகம்

ஊரைவிட்டுப் புறப்பட வேண்டி வந்த வேளைகளில் எமது பெற்றோர் முதலில் தேடியது றங்குப் பெட்டியின் அடியில் இருந்த கடதாசிக் கட்டைத்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, சில புகைப்படங்கள் ஆகியவை பொலித்தீன் பையொன்றில் சுற்றப்பட்டு, இடம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் எம்முடனேயே வந்தன. அப்பை தொலைந்த குடும்பங்கள், அந்நிய நாடொன்றின் அலுவலகத்தில் தம்மைத் தாமே நிரூபிக்க முடியாமல் பல ஆண்டுகள் அலைந்ததையும் நாம் அறிவோம்.

இன்று அந்தக் கடதாசிக் கட்டின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டுள்ளது. தஞ்சக் கோரிக்கைக்கான பத்திரங்கள், சட்டத்தரணியின் கடிதங்கள், மறைந்துபோன உறவினரின் படங்கள், பாட்டியாரின் குரற்பதிவு என அனைத்தும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. அது புகையிரதத்தில் தவறிவிட்டால், அல்லது நீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை எம்மவரில் மிகச் சிலரே கேட்டுப் பார்த்துள்ளனர்.

1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் பலவற்றைப் பின்னர் வேறிடங்களில் தேடிப் பெற முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்தவை மட்டும் என்றென்றைக்குமாக மறைந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதன்று என்னும் பாடத்தை எம்மைவிட அதிக விலை கொடுத்துக் கற்றவர் சிலரே இருப்பர். அப்பாடத்தை எமது வீட்டு ஆவணங்களுக்கும் பொருத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவி யாது?

வலையமைப்புச் சேமிப்புக் கருவி என்பது, சுருக்கமாக 'நாஸ்' என்று அழைக்கப்படும் சிறிய பெட்டியாகும். அதனுள் இரண்டோ அதற்கு மேற்பட்டோ வன்தட்டுகள் பொருத்தப்படும். இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணனிகளும் கைத்தொலைபேசிகளும் தமது கோப்புகளை அதிற் சேமிக்கலாம். தாய்வான் நாட்டு நிறுவனங்களான சினோலொஜி, கியூநாப் ஆகியவற்றின் கருவிகள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பரவலாக விற்பனையாகின்றன. பழைய கணனியொன்று கையில் இருப்பின், ஓப்பன்மீடியாவோல்ட், ட்ரூநாஸ் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவி அதனையே இக்கருவியாக மாற்றிக்கொள்ளவும் இயலும்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு வன்தட்டுகள் கொண்ட பெட்டி போதுமானது. இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு எழுதப்படும் முறை 'ரெய்ட் 1' எனப்படும். ஒன்று பழுதடைந்தால் மற்றையது தொடர்ந்து இயங்கும். பழுதானதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் கருவி தானே மீண்டும் பிரதி எடுத்துக்கொள்ளும். இம்முறையில் 4 டெராபைட் தட்டுகள் இரண்டை வாங்கினாலும் கிடைக்கும் இடம் 4 டெராபைட் மட்டுமே. கணனித் திரையில் அது ஏறத்தாழ 3.6 எனத் தோன்றினால் ஏமாற்றப்பட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. கணக்கிடும் முறையின் வேறுபாடே அது. ஒரு படம் 4 மெகாபைட் எனக் கொண்டால், சுமார் பத்து இலட்சம் படங்களுக்கு அங்கு இடமுண்டு.

வன்தட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எழுதும் தடங்களை ஓட்டுக்கூரைபோல் ஒன்றன்மீது ஒன்று படியவைக்கும் 'எஸ்.எம்.ஆர்.' வகைத் தட்டுகள், பழுதான தட்டை மாற்றிப் பிரதி எடுக்கும் வேளையில் மிக மெதுவாக இயங்கக்கூடும். இத்தகைய தட்டுகள் இவ்வகைக் கருவிகளுக்கென விற்கப்பட்ட வரிசையிலும் கலந்திருந்தமை 2020 ஆம் ஆண்டில் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. 'சி.எம்.ஆர்.' வகைதானா என்று கேட்டு வாங்குவதே நன்று.

கப்பம் கேட்கும் கள்வர்

இக்கருவியை வாங்குவோர் செய்யும் பெருந்தவறு, வெளியூரிலிருந்தும் படங்களைப் பார்க்கலாம் என்ற ஆசையில் அதனை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதாகும். உலகெங்கும் திறந்துகிடக்கும் கருவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவுபகலாக இயங்குகின்றன.

2021 ஏப்ரல் மாதத்தில் 'கியூலொக்கர்' என்ற நாசகார நிரல் கியூநாப் கருவிகளுக்குள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல்லிட்ட பொதிகளாகப் பூட்டி 0.01 பிட்கொயின் கப்பம் கோரியது. 2022 சனவரியில் 'டெட்போல்ட்' என்ற மற்றொரு நிரல் அதே நிறுவனக் கருவிகளைத் தாக்கி 0.03 பிட்கொயின் கேட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நெதர்லாந்துப் பொலிசார், கப்பம் செலுத்துவதுபோற் செலுத்தித் திறப்புகளைப் பெற்றவுடன் கொடுப்பனவை இரத்துச்செய்யும் தந்திரத்தால் 155 திறப்புகளை மீட்டனர். ஏனையோருக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2021 யூனில் வெஸ்ரேன் டிஜிற்றல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' கருவிகள் பலவற்றில் இருந்த அனைத்தும் ஒரேயடியாக அழிக்கப்பட்டன. 2015 ஆம் ஆண்டுடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்ட கருவிகள் அவை என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சம்பவங்களிற் பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலானோர் கருவியை இணையத்தின் பார்வையில் வைத்திருந்தவர்களே. எனவே கீழ்வரும் ஒழுங்கைப் பின்பற்றுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அமைக்கும் ஒழுங்கு

முதலாவதாக, கருவியை இயக்கியவுடன் அதன் இயக்க மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும் வகையில் அமைத்துவிடுவது நன்று. நிறுவனம் திருத்தம் வழங்குவதை நிறுத்திவிட்ட பழைய கருவியை, விலை மலிவென்று வாங்குதல் தகாது.

இரண்டாவதாக, 'அட்மின்' என்ற பெயரில் வரும் நிர்வாகிக் கணக்கை முடக்கி, வேறு பெயரில் புதிய நிர்வாகியை உருவாக்க வேண்டும். கள்வர் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். அன்றாடப் பாவனைக்குக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு வேண்டும். பிள்ளையின் கணனியில் நச்சு நிரல் புகுந்தாலும், அது பிள்ளையின் கோப்புறையைத் தாண்டித் தந்தையாரின் வழக்குப் பத்திரங்களைத் தொட இயலாது.

மூன்றாவதாக, கடவுச்சொல் நீளமானதாக இருத்தல் வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து அமைப்பது நினைவிற் கொள்ள எளிது. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல்லாகா. நிர்வாகிக் கணக்குக்குக் கைத்தொலைபேசியிற் தோன்றும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும் இருபடி உறுதிப்படுத்தலை இயக்குக. பலமுறை பிழையான கடவுச்சொல் இடுவோரைத் தானாகத் தடுக்கும் வசதியும் கருவியில் உண்டு, அதனையும் இயக்குக.

நான்காவதாக, தேவையற்ற சேவைகளை நிறுத்துக. டெல்நெற், எஃப்.டி.பி. ஆகியன வீட்டுக்கு வேண்டியதில்லை. கோப்புப் பகிர்வுக்கான 'எஸ்.எம்.பி.' முறையின் முதற்பதிப்பை முடக்கிவிடுக. 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய 'வன்னாக்றை' நிரல் பரவியது அப்பழைய முறையின் குறைபாட்டின் ஊடாகவே.

ஐந்தாவதாக, ரவுட்டரில் 'யூ.பி.என்.பி.' என்னும் வசதியை நிறுத்துக. இது வீட்டுக் கருவிகள் எம்மைக் கேளாமலே வெளிக்கதவைத் திறந்துகொள்ள இடமளிக்கிறது. நாமாகக் கதவு திறந்துவிடும் 'போர்ட் ஃபோர்வர்டிங்' முறையையும் தவிர்க்க வேண்டும். வெளியிலிருந்து அணுகுவது இன்றியமையாததாயின் 'வி.பி.என்.' எனப்படும் மறைகுறியிட்ட தனிவழியை அமைக்கலாம். ஜேர்மனியிற் பெருவழக்கிலுள்ள ஃபிரிட்ஸ்பொக்ஸ் ரவுட்டரின் புதிய மென்பொருட் பதிப்புகளில் 'வயர்கார்ட்' என்ற வி.பி.என். உள்ளடங்கியே வருகிறது.

ஆறாவதாக, கோப்புகளை மறைகுறியாக்கம் செய்க. வீடுடைத்து யாரேனும் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும் உள்ளிருப்பதைப் படிக்க இயலாதிருத்தல் வேண்டும். எமது கோப்புகளில் ஊரிலுள்ள உறவினரின் பெயர்களும் விலாசங்களும் வாக்குமூலங்களும் இருக்கக்கூடும். அவை அயலார் கையிற் சேர்ந்தால் துன்பப்படப்போவது நாமல்ல, அவர்களே. மறைகுறியின் திறப்பைக் கடதாசியில் எழுதி, பெட்டிக்கு அருகில் அல்லாது வேறிடத்தில் வைத்தல் அவசியம். திறப்பைத் தொலைத்தால் அதனை மீட்டுத்தர எவராலும் இயலாது.

நீண்டகாலம் இயங்க

பாதுகாப்பாக அமைத்தால் மட்டும் போதாது. நாள்தோறும் நம்பகமாக இயங்கவும் வேண்டும். கருவியை ஈரமான நிலக்கீழ் அறையிலோ, அடுப்பின் ஆவிபடும் இடத்திலோ, காற்றோட்டமற்ற அலுமாரிக்குள்ளோ வைக்கலாகாது. மின்சாரம் திடீரென நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு சிதையக்கூடும். 'யூ.பி.எஸ்.' எனும் மின்கலப் பெட்டியை இடையில் வைத்து, அதன் தகவற் கம்பியையும் கருவியுடன் இணைத்தால், மின்தடை நீடிக்கையில் கருவி தானாக ஒழுங்காக நின்றுவிடும்.

வன்தட்டின் உடல்நிலையைச் சோதிக்கும் 'ஸ்மார்ட்' பரிசோதனையை மாதமொரு முறையும், எழுதப்பட்ட தரவு பழுதற்றிருக்கிறதா என்று முழுவதையும் வாசித்துப் பார்க்கும் சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் நடத்தும்படி அட்டவணையிடுக. கோளாறு நேர்ந்தவுடன் மின்னஞ்சல் வரும்படி அமைப்பதும் இன்றியமையாதது. எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், ஒரு தட்டு பழுதடைந்து பல மாதங்களாகியும் எவரும் அதை அறியவில்லை. பெட்டியின் செவ்விளக்கு தொலைக்காட்சிக்குப் பின்னால் எரிந்துகொண்டே இருந்தது. இரண்டாவது தட்டும் நின்ற அன்றுதான் விடயம் தெரியவந்தது. மகளின் முதலாவது பிறந்தநாள் ஒளிநாடாவைக் கணனிக்கு மாற்றிய பின் மூல நாடாவை எறிந்திருந்தார்கள். அப்படம் இப்போது எங்குமில்லை.

இரண்டு தட்டு, இரண்டு பிரதியன்று

இவ்விடத்தில் ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகள் காப்புப்பிரதி ஆகா. ஒன்றில் அழித்தது அக்கணமே மற்றையதிலும் அழியும். தீயும் வெள்ளமும் கள்வனும் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும். குறித்த நேரத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் 'ஸ்னாப்ஷொட்' வசதி, தவறுதலாக அழித்ததை மீட்க உதவும். ஆயினும் நிர்வாகியின் கடவுச்சொல்லைப் பெற்ற கள்வன் அவற்றையும் அழித்துவிட முடியும்.

ஆகவே பலராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட '3-2-1' விதியைக் கடைப்பிடிப்போம்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். நடைமுறையில் இது கடினமானதன்று. கருவியிலுள்ளது ஒன்று. மாதமொரு முறை யூ.எஸ்.பி. வன்தட்டொன்றைச் செருகி, மறைகுறியிட்டுப் பிரதி எடுத்து, உடனே கழற்றி வைப்பது இரண்டாவது. கழற்றி வைத்த தட்டை இணையத்தின் வழியாக எந்தக் கள்வனாலும் தொட முடியாது. மூன்றாவதைத் தொலைவில் வைப்பதற்கு, சிதறி வாழும் எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணன் ரொறன்ரோவிலும் தங்கை ஒஸ்லோவிலும் இருக்கும் குடும்பங்கள், மறைகுறியிட்ட பிரதியை வி.பி.என். ஊடாக ஒருவர் வீட்டுக் கருவியில் மற்றவர் வைத்துக்கொள்ளலாம். எமது சிதறலே இவ்விடயத்தில் எமக்குக் காவலாகிறது.

பிரதி எடுத்தாலும், மீட்டுப் பாராத பிரதியை நம்பலாகாது. ஆண்டுக்கு இருமுறையாவது சில கோப்புகளை அதிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும்.

முகாம் அறையில் இருப்போருக்கு

சொந்த வீடோ ரவுட்டரோ இல்லாது, தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் வாசகர்களுக்கு இவை எட்டாத பேச்சாகத் தோன்றலாம். அவர்களும் செய்யக்கூடியது உண்டு. பத்திரங்கள் அனைத்தையும் இருபக்கமும் தெளிவாக ஸ்கான் செய்து, ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிற் பெயரிட்டு, இரண்டு சிறிய யூ.எஸ்.பி. சேமிப்பான்களில் எடுத்துக்கொள்க. 'வெராகிரிப்ற்' என்ற இலவச மென்பொருளால் அவற்றைப் பூட்டலாம். ஒன்றைத் தம்மிடமும் மற்றையதை வேறு முகவரியில் உள்ள நம்பிக்கையானவரிடமும் வைத்திருப்பது போதுமானது. மூலப் பத்திரங்களை மட்டும் ஒருபோதும் எறிந்துவிடலாகாது. அலுவலகங்கள் பெரும்பாலும் மூலத்தையே கேட்கும்.

இறுதியாக ஒன்று. எமது வீடுகளில் இக்காரியத்தை ஒருவரே செய்கிறார். கடவுச்சொல்லும் அவர் ஒருவருக்கே தெரியும். அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், இத்தனை பூட்டுகளும் அவரது குடும்பத்துக்கு எதிரான பூட்டுகளாகிவிடும். நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், மறைகுறியின் திறப்பு, பிரதிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தமிழிலேயே தெளிவாக எழுதி, உறையிலிட்டு ஒட்டி, துணைவியாரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ ஒப்படையுங்கள். றங்குப் பெட்டியின் திறப்பு எங்கே தொங்குகிறது என்பது அன்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டியதில்லை.