நாற்று நட வந்தவர்க்கும் நியாயமான கூலி

தஞ்சைப் பகுதி வயல்களில் சில ஆண்டுகளாக மேற்கு வங்காளத்துத் தொழிலாளர்கள் குழுக்களாக வந்து நாற்று நட்டு வருவதை விவசாய அன்பர்கள் அறிவார்கள். உள்ளூரில் ஆள் கிடைப்பது அரிதான பருவத்தில் அவர்கள் வருகை பேருதவியாகும். ஆயினும், அவர்கள் கூலிக்குப் பொறுப்பாளி யார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, தொகையை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்கிறோம். ரயில் கட்டணம், முன்பணம், சாப்பாடு என்று மேஸ்திரி பிடித்துக்கொண்டது போக, சேற்றில் நின்றவர் கைக்கு வந்தது எவ்வளவு?

இத்தகைய வழக்கொன்று 1982-இல் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டட வேலைகளில் பல மாநிலத்தார் உழைத்தனர். நிர்ணயித்த நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார்கள் தரகாகப் பிடித்துக்கொண்டனர். ஒரு ரூபாய்தானே என்று கோர்ட்டு விட்டுவிடவில்லை. நிர்ணயித்த கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23-ஆவது ஷரத்து தடுக்கும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. காண்டிராக்டரிடம் ஒப்படைத்ததால் வேலை கொடுத்தவரின் பொறுப்பு நீங்காது என்றும் கூறிற்று.

வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றிய சட்டத்தின் இடத்தில், தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. செங்கல் சூளை, ஆலை போன்ற ஸ்தாபனங்களில் வெளிமாநிலத்தார் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால், மற்றத் தொழிலாளிக்குள்ள சலுகைகள் யாவும் அவர்களுக்கும் உண்டு. ஊருக்குச் சென்றுவரப் பயணப்படியும் உண்டு. மேஸ்திரியின்றித் தாமே வந்தவரும் இதில் சேர்வர். ஆறு பேரை வைத்து நடவு செய்பவர் தப்பினோம் என்று எண்ணலாகாது. குறைந்தபட்சக் கூலி ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதன்று. பிறந்த ஊரையும் கேட்பதன்று. வந்தவருக்குக் குறைத்தால் நாளடைவில் உள்ளூர்ப் பெண்களின் நடவுக் கூலியும் இறங்கும்.

கண்காணியின் பின்னே கடல் கடந்தவர் நம் முன்னோரிலும் பலர். மலேயாத் தோட்டங்களில் கூலியைக் குறைத்தபோது, 1938-இல் இந்திய சர்க்கார் அங்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திற்று.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. 2020 ஊரடங்கில் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று பாராளுமன்றத்தில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றே மத்திய அரசு விடை கூறியது. ஆகவே ஊருக்கு வரும் ஒவ்வொருவரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிவு செய்வோமாக. அவர்களுடைய சொந்த மாநிலத்து ரேஷன் அட்டைக்கே இங்கும் தானியம் கிடைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பதியும்போது 'வடக்கத்தி ஆட்கள் 6' என்று எழுதுவதில் பயனில்லை. அவரவர் சொல்லும் பெயர், ஊர், மாவட்டம், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுதல் வேண்டும்.