பழுக்க மறுக்கும் அத்தி

டொராண்டோவில் தொட்டியில் சீமை அத்தி வளர்ப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: காய் நிறையப் பிடிக்கும், கனிவதற்குள் பனி வந்துவிடும்.

அத்திக்காய் முதலில் மளமளவென்று பருக்கும். பிறகு வாரக்கணக்கில் கோலிக்குண்டு மாதிரி பச்சையாக, கல்லாக நிற்கும். கடைசிச் சில நாட்களில்தான் திடீரென்று ஊதி, நிறம் மாறி, காம்பு தளர்ந்து தொங்கும். சர்க்கரை பெரும்பாலும் அப்போதுதான் ஏறுகிறது. காயாகப் பறித்து அரிசிப் பானையில் வைக்க இது மாங்காய் அல்ல. வதங்குமே தவிர இனிக்காது.

அந்த நடு உறக்கத்துக்குள் கோடை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தொட்டி உதவுகிறது. வேர் நெருக்கப்பட்ட மரம் கிளையாக ஓடாமல் காய்க்கும். சுவரோரம் நகர்த்தினால், பகலெல்லாம் செங்கல் வாங்கிய சூடு இரவில் அதற்குக் கிடைக்கும். இலை உதிர்ந்ததும் கராஜுக்குள் தள்ளிவிடலாம். கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிர்காலத்தில் ஹாலுக்குள் தூக்கிவைக்கும் டொராண்டோ ஸ்கார்பரோவின் தமிழ் வீடுகளுக்கு இது பழகிய வேலை. அங்குள்ள இத்தாலியர்கள் இன்னும் ஒருபடி மேல்: மரத்தையே சாய்த்து மண்ணுக்குள் மூடிவைப்பார்கள்.

எண்ணெய் வைத்தியமும் உண்டு. அத்தியின் பூக்கள் காய்க்கு உள்ளே இருக்கின்றன. வாசல், நுனியில் உள்ள சிறு துளை. நாட்டு அத்தியைப் பிட்டால் பறக்கும் பூச்சி, அந்த வழியே நுழைந்த குளவியின் வாரிசு. சீமை அத்தியில் பூனா, பிரவுன் டர்க்கி ரகங்கள் குளவி இல்லாமலே கனியும். காய் உறக்கம் கலையும் தறுவாயில் அந்தத் துளையில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தடவினால், பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீன் உள்ளே பெருகி முன்கூட்டியே பழுக்கும். அவசரப்பட்டால் வெம்பிவிடும். பண்டை எகிப்தியர் தங்கள் ஊர் அத்தியைக் கத்தியால் கீறிப் பழுக்கவைத்ததும் இதே எத்திலீனை எழுப்பத்தான், பெயர் தெரியாமலே.

இங்கே, திருவண்ணாமலை மலையை ஒட்டிய அடி அண்ணாமலையில், மொட்டை மாடித் தொட்டிக்கு எண்ணெய் வேண்டாம். வெயில் போதும் போதும் என்கிற அளவு இருக்கிறது. இங்கே வில்லன் மழை. ஐப்பசியில் கனியும் காய் நீர்கோத்து வெடித்துப் புளித்துவிடும். 2016-இல் புவிசார் குறியீடு பெற்ற மகாராஷ்டிரத்துப் புரந்தர் அத்திக்கும் இதே கதை: மழைக்கால அறுவடைக்கு அங்கே 'கட்டா பஹார்', அதாவது புளிப்புப் பருவம் என்றே பெயர்; கோடையில் வருவதுதான் 'மீட்டா', இனிப்பு. ஆகவே கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, கனிவதைக் கோடைக்குத் தள்ளுவது நல்லது. அணிலுக்கு வலை கட்டலாம். மலையிலிருந்து இறங்கும் குரங்குக்கு வலை ஒரு பொருட்டல்ல; கனிந்ததை விடிவதற்குள் பறித்துவிட வேண்டியதுதான்.