வேலன் வேடத்தில் ஒரு ராஜத்துரோகி

பழனிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். இந்த வட்டாரத்தில் கோயில் திருவிழா என்றால் வள்ளி திருமண நாடகத்துக்குத் தனி மவுசு. முருகனின் சொந்தச் சீமையில் அவன் கல்யாணக் கதைக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் இதே நாடகத்தை வெள்ளைக்கார சர்க்கார் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது.

அதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் எஸ்.எஸ்.விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தவர். ராஜபார்ட் நடிகர், அசாத்தியமான குரல்வளம். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிறாள். வேலனாக வருகிற விஸ்வநாததாஸ் ஒரு கொக்குப் பாட்டை எடுத்து விடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் கட்டியதாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டில் வருவது வெள்ளைக் கொக்கு. எந்த வெள்ளை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டகை அதிரும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. வங்காள நாடகங்களுக்குப் பயந்து 1876இல் கொண்டுவந்த நாடகச் சட்டம் கையில் இருந்தது. அரசின் மீது வெறுப்பைத் தூண்டும் நாடகத்தைத் தடுக்கலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அபராதம். திரைச்சீலை, உடுப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவும் அதில் வழி உண்டு. விஸ்வநாததாஸ் 29 முறை கைதானார் என்பார்கள்.

ஆனால் பறிமுதல் செய்ய எழுத்தில் என்ன இருந்தது? அது ‘ஸ்பெஷல் நாடகம்’. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் அடித்தளம். அதற்கு மேல் தர்க்கமும் இடைச்செருகல் பாட்டும் அந்தந்த ராத்திரியில் பிறப்பவை. பிரதியைத் தணிக்கை செய்யலாம், தொண்டையில் இருப்பதை என்ன செய்வது?

ரஷ்யாவில் நிலைமை வேறு. 1936 ஜனவரி 26 அன்று இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ‘லேடி மெக்பெத்’ ஓபராவைப் பார்க்க வந்த ஸ்டாலின், முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். இரண்டே நாளில் கட்சிப் பத்திரிகை ‘பிராவ்தா’ அதைக் குழப்படி என்று கிழித்தது. ஒத்திகையில் இருந்த நான்காவது சிம்பொனியை ஷோஸ்தகோவிச்சே விலக்கிக்கொண்டார். அது அரங்கேற 1961 வரை ஆனது. அங்கே இசை எழுத்தில் இருந்தது, வாசிக்க ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும், ஆர்க்கெஸ்ட்ரா சர்க்கார் கையில். எனவே ஒளிந்துகொள்ளச் சொல்லற்ற நாதம்தான் அவருக்கு மிஞ்சியது. 1937இல் லெனின்கிராடில் ஐந்தாவது சிம்பொனியைக் கேட்டு அழுதவர்கள் எதற்காக அழுதார்கள் என்று எந்தப் போலீஸாலும் வழக்குப் போட முடியாது. நம்மூர்க்காரருக்கோ சொல்தான் ஆயுதம். புராணம் அதற்கு உறை.

இன்னொரு சங்கதி, நமக்குப் பிடிக்காதது. விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அவரோடு மேடையேற மறுத்த நடிகர்கள் இருந்தார்கள். சோவியத் நாட்டில் 1948இல் கட்சித் தீர்மானம் வந்ததும் ஷோஸ்தகோவிச்சையும் புரோகோஃபியேவையும் ஏசச் சக இசைக்காரர்களே முண்டியடித்தார்கள். அவர்களுக்காவது பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. இவர்களைச் சாதி பார்க்கச் சொல்லி எந்த வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான்? சர்க்கார் கொடுமையை நூறு முறை சொல்கிற நம் தியாக வரலாறு, இதை ஒரு வரியில் கடந்து போகிறது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விஸ்வநாததாஸின் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 54.

அவர் போனார், வெள்ளைக்காரனும் போனான். சட்டம் மட்டும் போகவில்லை. 1954இல் நம் மாநில அரசே புதிதாக ஒரு நாடகச் சட்டம் இயற்றியது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனதில் வைத்து வந்த சட்டம் அது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் அதன் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.