கியர்பாக்ஸை எரிக்கும் கேபிள்

ஒரு பழைய ஷெவர்லே. ஸ்டார்ட் ஆகிறது, ஒழுங்காகக் கிளம்புகிறது. இரண்டாவது கியர் விழ வேண்டிய இடத்தில் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டிக்கு இழுவை இல்லை. சற்றுப் பொறுத்தால் எப்படியோ மூன்றாவதைப் பிடித்துக்கொள்கிறது. ரிவர்ஸ் சுத்தமாகக் கிடையாது. இவ்வளவையும் போனில் சொன்னால் போதும், கை தேர்ந்த அமெரிக்க மெக்கானிக் கியர் பெட்டியைப் பார்க்காமலே 'சன் ஷெல் போயிருக்கும்' என்பார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பேச்சு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 700ஆர்4 என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸைப் பற்றியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975-ல் அமெரிக்க அரசு மைலேஜுக்குச் சட்டம் போட்டது. மூன்று கியர் போதும் என்றிருந்த நிறுவனம் நான்காவதாக ஓர் ஓவர்டிரைவைச் சேர்த்து 1982 மாடல்களில் இதை இறக்கியது. முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70. கார்வெட்டிலிருந்து பிக்கப் லாரி வரை எல்லாவற்றிலும் ஏறியது. நாற்பது வருடம் கழித்தும் அமெரிக்கப் பட்டறைகளில் இதை இறக்குவதும் ஏற்றுவதும் ஓயவில்லை.

உள்ளே இருப்பவை கோள் பற்சக்கரங்கள். நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றிக் கோள் சக்கரங்கள், எல்லாவற்றையும் அணைத்தபடி உட்புறம் பல் வெட்டிய வளையம். மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றைச் சுழற்றினால் மிச்சமிருப்பது வேறொரு வேகத்தில் சுழலும். பிடிப்பதை மாற்றினால் கியர் மாறும். பற்கள் எப்போதும் கோத்தபடியே இருப்பதால் சாதாரண கியர்பாக்ஸைப் போல 'கடமுடா' கிடையாது. பிடிக்கும் வேலையைக் கிளட்ச் பிளேட்டுகளும் ஓர் எஃகுப் பட்டையும் செய்கின்றன. அவற்றை அழுத்துவது ஆயில். சன் ஷெல் என்பது சூரியச் சக்கரத்தோடு கோத்திருக்கும் எஃகு உறை. இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றுக்கும் அது வேண்டும். அதன் கழுத்துப் பற்கள் மழுங்கினால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். பாகம் மலிவு. ஆனால் அதைத் தொட வேண்டுமானால் முழுப் பெட்டியையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். பணம் போவது அங்கேதான்.

ஷெல் உடைந்தால் அதை உலோகத்தின் வயது என்று விட்டுவிடலாம். மூன்றாம், நான்காம் கியருக்கான கிளட்ச் எரிந்திருந்தால் அப்படி விட முடியாது. அங்கே குற்றவாளி பெட்டிக்கு வெளியே இருக்கக்கூடும்.

எந்த நேரத்தில் கியரை மாற்றுவது என்று 1982-ல் முடிவு செய்தது கணினி அல்ல, ஆயில். ஒரு சிறு உருளை வால்வின் ஒரு முனையை கவர்னர் அழுத்தம் தள்ளுகிறது. வெளியேறும் தண்டோடு சுழலும் எடைகள் தரும் அழுத்தம் அது. வண்டியின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். மறுமுனையை ஆக்ஸிலரேட்டர் அழுத்தம் தள்ளுகிறது. கவர்னர் ஜெயிக்கும் கணத்தில் வால்வு நகரும், அடுத்த கியர் விழும். காலை ஓங்கி மிதித்தால் கியர் தாமதமாக மாறுவது இதனால்தான். மின்சாரமே இல்லாமல் கணக்குப் போடும் இந்த அமைப்பைப் பார்த்தால், 1993-ல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வந்த இதன் வாரிசான 4எல்60-ஈ மீது எனக்கு அவ்வளவு மரியாதை வருவதில்லை. ஓட்டுபவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மிதியின் அளவைப் பெட்டிக்குச் சொல்வது கார்புரேட்டரிலிருந்து இறங்கும் ஒரு மெல்லிய கேபிள். டிவி கேபிள் என்பார்கள். த்ராட்டில் வால்வின் சுருக்கம். கிளட்சுகளை அழுத்தும் மொத்த அழுத்தத்தை உயர்த்துவதும் இதே கேபிள்தான். இது தளர்ந்திருந்தால் எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும்போது கிளட்ச் அரைகுறையாகப் பிடிக்கும், வழுக்கும், வழுக்கிய இடத்தில் சூடேறும். கிளட்ச் பிளேட் என்று நாம் சொல்வது எஃகுத் தகட்டில் ஒட்டிய, ரெசினில் ஊறிய ஒருவகைக் காகிதம். கருகுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது. பிரித்துப் பார்த்தால் இடையிலுள்ள எஃகுத் தகடுகள் நீலம் பாய்ந்திருக்கும். சிவப்பாக இருந்த ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இதே நிறுவனத்தின் முந்தைய டர்போ 350 பெட்டியிலும் பார்வைக்கு இதே மாதிரி ஒரு கேபிள் உண்டு. அது ஓவர்டேக் செய்யும்போது கியரைக் கீழிறக்க மட்டும்தான். கழற்றி எறிந்தாலும் வண்டி ஓடும். அந்தப் பழக்கத்தில், புது கார்புரேட்டர் போட்டவர்கள் 700ஆர்4-இன் கேபிளைத் தோராயமாக மாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். பெட்டி எரிந்தது. 'பெட்டியே சரியில்லை' என்று வேறொன்று வாங்கி ஏற்றினார்கள். அதே கேபிள், அதே கதி.

ஆயில் விஷயத்தில் ஒரு முரண் உண்டு. கோள் சக்கரங்களுக்கு அது வழுக்க வேண்டும். கிளட்சையோ பிடிக்க விட வேண்டும், அதுவும் வெடுக்கென்று இழுக்காமல். இந்தக் குணத்துக்காக 1970-களின் தொடக்கம் வரை ஆட்டோமேடிக் கியர் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். திமிங்கிலத்தைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி ஓட வேண்டியிருந்தது.

பிரித்த பெட்டியை மறுபடி பூட்டும் மேசை ஆஸ்பத்திரி மேசை போலச் சுத்தமாக இருக்க வேண்டும். நூல் பிரியும் பழந்துணி ஆகாது. வால்வுகள் அமர்ந்திருக்கும் வால்வு பாடியின் நுண்ணிய ஆயில் பாதையில் ஒரு பிசிறு அடைத்தாலும் கியர் தடுமாறும். அந்தப் பாதைகளில் சிறு குண்டுகள் உண்டு. கவிழ்த்தால் உருண்டுவிடும் என்பதால் வாஸ்லின் தடவி அந்தந்தக் குழியில் ஒட்டவைக்கிறார்கள். கிரீஸ் கூடாது, வாஸ்லின் சூடான ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் பாதைகளை அடைக்கும். புது கிளட்ச் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்தபின்தான் அடுக்க வேண்டும். கல்லாய் இறுகிய பழைய ரப்பர் சீல்கள் அத்தனையும் குப்பைக்கு.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டர் தனி சமாசாரம். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றின் காற்று மற்றதைச் சுழற்றுவதுபோல இதற்குள் ஆயில் விசையைக் கடத்துகிறது. நடுவிலுள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலைத் திசைதிருப்பி, கிளம்பும்போது முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது. பற்றவைத்து மூடிய உருண்டை என்பதால் உள்ளே போன கரித்தூளை வெளியிலிருந்து முழுதாகக் கழுவ முடியாது. லேத்தில் வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். அல்லது வேறு வாங்க வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரிலும் இந்தக் கரித்தூள் தங்கும். அதை அலசாமல் விட்டால் பழைய பெட்டியின் கரி புதுப் பெட்டிக்குள் வந்து சேரும்.

பிரிப்பதற்குப் பதில் வேறு பெட்டி வாங்கலாம் என்றால், பழைய இரும்புக் கடைப் பெட்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் வரலாறு யாருக்கும் தெரியாது. தொழிற்சாலையில் புதுப்பித்த எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்கு வாரண்டி உண்டு. விலை கூடுதல், பழைய பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். நல்ல ஆள் அமைந்தால் சொந்தப் பெட்டியையே பிரித்துச் சரி செய்வதுதான் என் தேர்வு. எது செத்தது, எதனால் செத்தது என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது அதில் மட்டும்தான்.

ஏற்றும்போது கன்வெர்ட்டர் மூன்று முறை 'டொக்' என்று உள்ளே இறங்க வேண்டும்: டர்பைன் தண்டு, ஸ்டேட்டர் தண்டு, ஆயில் பம்ப். இரண்டோடு நின்றதை போல்ட் போட்டு முறுக்கி இழுத்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்குள்ளேயே பம்ப் உடைந்துவிடலாம். ஆயில் ஊற்றியதும் பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, கேபிளை இழுத்துப் பார்ப்பார்கள். கேபிளோடு சேர்ந்து முள்ளும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது.